மூணு மெழுகுவர்த்தி வைத்தால் ஆக்சிஜன் கூடிவிடுமா? எட்டாம் வகுப்புக்கு வளிமண்டலம் நடத்துகிறவர்கள் உதவவும்

கரும்பலகை:
வணக்கம். நடுநிலைப் பள்ளி, எட்டாம் வகுப்பு, 34 பிள்ளைகள். நேற்று எல்லோரும் செய்கிற அந்தச் சோதனையைத்தான் செய்தேன். தட்டில் நீலம் கலந்த தண்ணீர், நடுவில் மெழுகுவர்த்தி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்ப்பது. மெழுகுவர்த்தி அணைந்தது, தண்ணீர் ஏறியது. ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது, அது இருந்த இடத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது, ஆகவே காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் என்று பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிவருவதையே சொல்லி முடித்தேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். "சார், மூணு மெழுகுவர்த்தி வச்சா?" சரி, வந்து வை என்றேன். வைத்தான். தண்ணீர் டம்ளரில் மூன்றில் ஒரு பங்கையும் தாண்டி ஏறிவிட்டது. "அப்ப மூணு வச்சா ஆக்சிஜன் கூடிடுமா சார்?" வகுப்பே என் முகத்தைப் பார்க்கிறது. நல்லவேளை பெல் அடித்தது.

திங்கட்கிழமை என்ன சொல்வது? தயவுசெய்து யாராவது வாருங்கள்.

சாக்பீஸ் தாத்தா:
தம்பி, முதலில் அந்தப் பையனுக்கு ஒரு நல்ல பேனா வாங்கிக் கொடுங்கள். நான் 31 வருஷம் வேதியியல் எடுத்தேன், ஒரு பிள்ளைகூட இதைக் கேட்டதில்லை. கேட்க நான் இடம் கொடுக்கவில்லை என்பதுதான் உண்மையாக இருக்கும்.

நீங்கள் சொன்ன விளக்கம் தவறு, நானும் அதையேதான் சொன்னேன். திங்கட்கிழமை மறுபடி செய்யுங்கள், இரண்டே விஷயங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். எரிகிற மெழுகுவர்த்தி மேல் டம்ளரைக் கவிழ்க்கும்போது விளிம்பு வழியாகக் குமிழி வெளியே வருகிறதா? வரும். வராவிட்டாலும் கவலையில்லை, விளிம்பு தண்ணீரைத் தொடும் முன்பே சூடான காற்று கொஞ்சம் தப்பியிருக்கும். அடுத்து, தண்ணீர் எப்போது ஏறுகிறது? எரிந்துகொண்டிருக்கும்போது பெரும்பாலும் அசையாது, அணைந்த பிறகுதான் விறுவிறுவென்று ஏறும். ஆக்சிஜன் செலவாவதால் ஏறுகிறது என்றால் எரிகிறபோதே அல்லவா ஏற வேண்டும்?

நடப்பது இதுதான். சுடர் உள்ளே இருக்கும் காற்றைச் சூடாக்குகிறது, காற்று விரிந்து ஒரு பகுதி வெளியே போய்விடுகிறது. அணைந்ததும் மீதிக் காற்று ஆறிச் சுருங்குகிறது, வெளியில் இருக்கும் வளிமண்டல அழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. மூன்று மெழுகுவர்த்தி என்றால் சூடு அதிகம், தப்பிப்போகும் காற்றும் அதிகம், அவ்வளவுதான். ஆக்சிஜன் கூடவும் இல்லை, முழுதாகத் தீரவும் இல்லை. சாதாரண மெழுகுவர்த்தி ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து சுமார் 16 சதவீதத்துக்கு இறங்கும்போதே அணைந்துவிடும்.

கணக்கும் போட்டுப் பார்க்கலாம். மெழுகின் மூலக்கூறில் 25 கார்பன், 52 ஹைட்ரஜன் என்று வைத்துக்கொண்டால் அது எரிய 38 ஆக்சிஜன் மூலக்கூறுகள் வேண்டும், 25 கார்பன் டை ஆக்சைடு வெளிவரும். நீராவி குளிர்ந்து தண்ணீராகிவிடும். கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரையும்தான், ஆனால் அந்தச் சில வினாடிகளில் பெரிதாகக் கரையாது. அப்படியானால் 5 பங்கு ஆக்சிஜன் செலவானாலும் மொத்தக் கன அளவில் குறைவது 2 பங்குகூட இல்லை. ஐந்தில் ஒரு பங்கு வந்தது தற்செயல். டம்ளர் அளவை மாற்றினால் அந்த எண்ணும் மாறிப்போகும்.

இந்தச் சோதனைக்கு வயது இரண்டாயிரத்துச் சொச்சம், பைசாந்தியத்து ஃபைலோ கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்துவிட்டார். தப்பான விளக்கத்துக்கும் வயது குறைவில்லை.

தூசிப்படலம்:
தாத்தா சொன்னதுடன் ஒன்று சேர்க்கிறேன் (நான் காற்றுமாசு ஆராய்ச்சியில் இருக்கிறேன், பள்ளி ஆசிரியர் இல்லை, அதனால் வகுப்பில் எது நடக்கும் எது நடக்காது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்). மெழுகுவர்த்தியே இல்லாமல் செய்து காட்டுங்கள். ஒரு டம்ளரில் வெந்நீர் ஊற்றி அரை நிமிஷம் வைத்து, கொட்டிவிட்டு, உடனே தட்டுத் தண்ணீரில் கவிழ்த்துவிடுங்கள். ஆற ஆறத் தண்ணீர் ஏறும். எதுவுமே எரியவில்லை, ஆனாலும் ஏறுகிறது. இதைப் பார்த்த பிள்ளை பழைய விளக்கத்தை நம்பாது. சூடு தாங்கும் டம்ளராகப் பார்த்து எடுங்கள், மெல்லிய கண்ணாடி விரிசல் விடும்.

கரும்பலகை:
சார், புரிந்தது, நன்றி. ஆனால் ஒரு சிக்கல். பரீட்சையில் "மெழுகுவர்த்திச் சோதனை எதை நிரூபிக்கிறது" என்று கேட்டால் பிள்ளை என்ன எழுதுவான்? நான் சொன்னதை எழுதினால் மார்க் போகும். அப்புறம் ஐந்தில் ஒரு பங்கை நிஜமாகவே காட்ட வேறு வழி உண்டா? இல்லாவிட்டால் நான் சொல்லிக் கொடுத்ததைப் பிடுங்கிக்கொண்டு பதிலுக்கு ஒன்றும் தராத மாதிரி ஆகிவிடும்.

செவ்வரத்தை:
யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு விஞ்ஞான ரீச்சர். எங்கட புத்தகத்தில் ஒட்சிசன், நைதரசன், காபனீரொட்சைட்டு என்று இருக்கும், வாசிக்கும்போது குழம்ப வேண்டாம், எல்லாம் அதே வாயுக்கள்தான்.

ஐந்தில் ஒரு பங்குக்கு இரும்புத் துருதான் சரியான வழி. ஈரமான இரும்பு நாரை நீளமான சோதனைக்குழாயின் அடியில் திணித்து, குழாயைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் தலைகீழாக நிறுத்தி ஒன்றிரண்டு நாள் விட வேண்டும். இரும்பு துருப்பிடிக்கும்போது ஒட்சிசனை மட்டும் பிடித்துக்கொள்ளும், திருப்பி எந்த வாயுவையும் விடாது, சூடும் தெரியிற அளவுக்கு வராது. அதனால் தண்ணீர் ஏறின உயரம் ஒட்சிசனின் கணக்குத்தான்.

ஆனால் என்ர முதல் வருடக் கதையையும் கேளுங்கோ. பாத்திரம் தேய்க்கிற ஸ்ரீல் நாரைக் கடையில் வாங்கிவந்து பத்துக் குழாயில் வைத்தேன். மூன்று நாள், ஐந்து நாள், ஏழு நாள். ஒரு சொட்டுக்கூட ஏறவில்லை. பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் காலையில் வந்து பார்த்துவிட்டு என்னையும் பார்ப்பார்கள். பிறகுதான் மண்டையில் ஏறியது, அது துருப்பிடிக்காத உருக்கு! குரோமியம் சேர்த்தே செய்கிறார்கள். துருப்பிடிக்காதே என்று சொல்லி விற்கிற சாமானிடம் துருவை எதிர்பார்த்திருக்கிறேன். மரத்தளபாடம் பொலிஷ் பண்ணுகிறவர்கள் பாவிக்கிற மெல்லிய இரும்பு நார்தான் வேண்டும். காந்தத்தை நம்பாதேயுங்கோ, சில துருப்பிடிக்காத நாரும் ஒட்டும். ஈரமாக்கி ஓர் இரவு பிளேட்டில் வைத்தால் காலையில் செம்மஞ்சளாக வருகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை.

சாக்பீஸ் தாத்தா:
அம்மா சொன்னது முழுக்கச் சரி. இரண்டு மூன்று நுணுக்கம் மட்டும் சேர்க்கிறேன். நார் துருப்பிடிக்காமல் இருக்க மேலே எண்ணெய் தடவியிருப்பார்கள், சோப்புத் தண்ணீரில் அலசுங்கள். அப்புறம் வினிகரில் ஐந்து நிமிஷம் ஊறவைத்து, திரும்பத் தண்ணீரில் நன்றாக அலசிப் பிழிந்து உதறுங்கள். வினிகர் தங்கிவிட்டால் இரும்போடு சேர்ந்து ஹைட்ரஜன் வெளிவிடும், உங்கள் கணக்கு கெடும். நார் கிடைக்காத ஊரில் லேத் பட்டறையில் விழும் இரும்புச் சீவலும் உதவும், ஆனால் அதில் கூலன்ட் எண்ணெய் அப்பியிருக்கும், இரண்டு முறை கழுவ வேண்டும். உப்புத் தண்ணீரில் நனைத்தால் துரு சீக்கிரம் பிடிக்கும்.

அளக்கும்போது குழாயைக் கொஞ்சம் தாழ்த்தி உள்ளே இருக்கும் தண்ணீர் மட்டமும் வெளி மட்டமும் ஒன்றாக வரும்படி பிடித்துக்கொண்டு அளவெடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் எடுங்கள், காலையில் ஒன்று மதியம் ஒன்று என்றால் வெயிலின் சூட்டையும் சேர்த்து அளந்துவிடுவீர்கள்.

பரீட்சை விஷயம். பிள்ளைகளிடம் இரண்டையும் சொல்லுங்கள். புத்தகம் எதிர்பார்க்கிற பதில் இது, நாம் கண்ணால் பார்த்தது இது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் புரியும், நாம் நினைப்பதைவிட நன்றாகவே புரியும்.

டீசல்_அப்பா:
நான் ஆசிரியர் இல்லை, அப்பா. பொண்ணுக்காகப் போன மாதம் அறிவியல் கண்காட்சிக்கு ஒரு ப்ராஜெக்ட் செய்தோம், வேலைக்கு ஆகும் என்று போடுகிறேன். இரண்டு சோடா பாட்டில், ஒன்றில் சும்மா காற்று, ஒன்றில் வினிகரும் சமையல் சோடாவும் கலந்து கார்பன் டை ஆக்சைடு நிரப்பினோம். இரண்டிலும் தெர்மாமீட்டர், மேலே 100 வாட் குண்டு பல்பு. இருபது நிமிஷத்தில் கார்பன் டை ஆக்சைடு பாட்டில் 3 டிகிரி அதிகம். புவி வெப்பமயமாதல் கண்ணெதிரே! முதல் பரிசு. செலவு மொத்தமே 150 ரூபாய்.

தூசிப்படலம்:
பரிசுக்கு வாழ்த்துகள், பொண்ணிடமும் சொல்லுங்கள். இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் இழையின் தலைப்பே இதுதான் என்பதால் சொல்லிவிடுகிறேன். இது இன்னொரு மெழுகுவர்த்திச் சோதனை.

பாட்டில் சூடாவது நிஜம், ஆனால் காரணம் வேறு. கார்பன் டை ஆக்சைடு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, அதனால் உள்ளே காற்றோட்டம் நடந்து வெப்பம் வெளியேறும் விதமே மாறிவிடுகிறது. 2010-இல் அமெரிக்க இயற்பியல் ஆசிரியர்களின் ஆய்விதழ் ஒன்றில் இதே மாதிரி அமைப்பில் ஆர்கானை நிரப்பிப் பார்த்து எழுதினார்கள். ஆர்கான் அகச்சிவப்பை (கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரை) உறிஞ்சவே உறிஞ்சாது, பசுமை இல்ல வாயுவே கிடையாது, ஆனால் அதுவும் கனமான வாயு. அதுவும் கிட்டத்தட்ட அதே அளவுக்குச் சூடேறியது. கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் தாமே அகச்சிவப்பை உறிஞ்சுகிற பொருள்கள் என்பது தனிக் கதை. ஜான் டின்டால் 1859-இல் வாயுக்களின் உறிஞ்சும் தன்மையை அளந்தபோது குழாயின் இரண்டு முனையையும் கண்ணாடியால் மூடவில்லை, பாறை உப்பைத் தகடாக்கி மூடினார். அது அகச்சிவப்பை விடும் என்பதற்காகத்தான் அவ்வளவு மெனக்கெட்டார்.

அவருக்கும் மூன்று வருஷம் முன்பு, 1856-இல், யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி உங்கள் பொண்ணு செய்ததைத்தான் செய்தார். கண்ணாடி உருளைகளில் வாயுக்களை நிரப்பி வெயிலில் வைத்து வெப்பமானி பார்த்தார். கார்பன் டை ஆக்சைடு உருளை அதிகம் சூடானது, ஆறவும் நேரமெடுத்தது, அந்த வாயு நிறைந்த வளிமண்டலம் பூமியை இன்னும் சூடாக்கும் என்று எழுதினார். அவர் கருவியாலும் சூரிய ஒளியையும் அகச்சிவப்பையும் பிரித்துக் காட்ட முடியவில்லை. அந்த வரிசையில் நின்றதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

டீசல்_அப்பா:
எல்லாமே தப்பு என்றால் எதைத்தான் செய்வது? ஆய்வகம் இல்லாத வீட்டில் பாறை உப்புத் தகட்டுக்கு நான் எங்கே போவேன்? பொண்ணு இதைப் படித்தால் அழுவாள் சார். ஐயா மாதிரிப் பெரியவர்கள் குறை சொல்வதோடு நிற்காமல் வழியும் சொன்னால் நல்லது.

மழைக்குறி:
டீசல் அண்ணா, கோபம் வேண்டாம், அவர் சொன்னது சரி. நான் நீலகிரிப் பக்கம் பள்ளியில் இருக்கிறேன். நான் செய்வதைச் சொல்கிறேன்.

ஏசி மெக்கானிக், எலக்ட்ரீஷியன் கையில் துப்பாக்கி மாதிரி ஒரு வெப்பமானி இருக்குமே, தூரத்திலிருந்து நீட்டினால் சூடு காட்டுவது, அதை ஒருநாள் கடன் வாங்குங்கள். (நெற்றியில் காட்டும் காய்ச்சல் கருவி ஆகாது, அது உடம்புச் சூட்டுக்கு வெளியே எதையும் காட்டாது.) சாயங்காலம் சூரியன் இறங்கிய பிறகு முதலில் தரையில் காட்டுங்கள், சுவரில் காட்டுங்கள், அப்புறம் தெளிந்த வானத்தில் நேராக மேலே நீட்டுங்கள். எண் சட்டென்று கீழே விழும். பிறகு மேகத்தில் காட்டுங்கள், மேலே ஏறும். மேகமும் காற்றிலுள்ள நீராவியும் கீழ்நோக்கி வெப்பத்தை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன என்பதை அந்த எண்ணே சொல்கிறது. கார்பன் டை ஆக்சைடைத் தனியாக இது காட்டாது, அந்தக் கருவி பார்க்கும் அலைநீளத்தில் அதன் பங்கு ரொம்பக் குறைவு. அதையும் சொல்லிவிடுங்கள்.

எங்கள் பிள்ளைகளுக்கு இது பாடமே இல்லை, அனுபவம். டிசம்பர், ஜனவரியில் மேகமில்லாத ராத்திரியில்தான் ஊட்டியில் உறைபனி விழும், புல்வெளியெல்லாம் உப்புத் தூவின மாதிரி வெளுத்துக் கிடக்கும். மேகம் மூடிய ராத்திரியில் விழாது. "மேகம் போர்வை டீச்சர்" என்று ஒருத்தி சொன்னாள். அவள் வீட்டில் கேரட் போட்டிருக்கிறார்கள், பனியில் கருகினால் யாருக்கு நஷ்டம் என்று தெரிந்த பிள்ளை.

கார்பன் டை ஆக்சைடுக்கு நான் சோதனை எதுவும் செய்வதில்லை, ஹவாய் தீவின் மவுனா லோவா மலையில் அளந்துவரும் கார்பன் டை ஆக்சைடு வரைபடத்தைக் கரும்பலகையில் வரைகிறேன். 1958-இல் கீலிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் சுமார் 315, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. வரைபடத்தில் வருஷா வருஷம் ஒரு ஏற்ற இறக்கம் இருக்கும், வட பாதிக் கோளத்தில் செடிகள் கோடையில் இழுத்துக் குளிர்காலத்தில் விடுவது. பிள்ளைகள் அந்தப் பல்லு பல்லான கோட்டை ரசிப்பார்கள்.

கரும்பலகை:
இது அருமை. அமில மழைக்கும் யாராவது சொல்லுங்கள். நான் போன வருஷம் செய்தது சொதப்பல். செம்பருத்திப் பூவை வெந்நீரில் ஊறவைத்துச் சாயம் எடுத்து, அதில் காகிதத்தை நனைத்துக் காயவைத்தேன். எலுமிச்சையில் சிவந்தது, சுண்ணாம்பில் பச்சையானது, எல்லாம் சரி. பாட்டிலுக்குள் அதை ஈரமாகத் தொங்கவிட்டு ஐந்தாறு தீக்குச்சிகளைக் கொளுத்தி மூடினேன். கந்தகப் புகை அமிலம், சிவக்கும் என்று அடித்துச் சொல்லியிருந்தேன். சிவக்கவில்லை. நிறமே போய் வெளுத்துவிட்டது!

சாக்பீஸ் தாத்தா:
வெளுக்கத்தான் செய்யும். பூவின் நிறமி ஆந்தோசயனின். கந்தக டை ஆக்சைடு அமிலமாக மட்டும் வேலை செய்யாது, அந்த நிறமியோடு நேராக ஒட்டிக்கொண்டு நிறமில்லாத சேர்மமாக்கிவிடும். சிவப்பு ரோஜா அந்த வாயுவில் வெளுப்பது பழைய வேடிக்கைதான். ஆகவே உங்கள் சோதனை தோற்கவில்லை, கேட்டதைவிட அதிகமாகப் பதில் சொல்லியிருக்கிறது. அமிலம்தான் காட்ட வேண்டும் என்றால் நீல லிட்மஸ் போடுங்கள். கூடவே இன்னொரு பாட்டிலில் மருந்தில்லாத வெறும் குச்சியை எரித்துப் பாருங்கள், ஏனென்றால் மரப்புகையிலும் அமிலம் உண்டு. அந்த ஒப்பீடு இல்லாமல் கந்தகத்தின் தலையில் பழியைப் போடக் கூடாது.

ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். யாரும் கந்தகப் பொடியை வகுப்பில் எரிக்காதீர்கள். இளவயதில் நான் எரித்தேன், ஜன்னல் ஒன்றுதான் திறந்திருந்தது. முன்வரிசையில் வீசிங் இருக்கும் பிள்ளை இருந்ததே எனக்குத் தெரியாது. அந்தப் பெண் இழுத்த மூச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. வராந்தாவில் காற்றாட விட்டதும் சரியானாள். அதற்கப்புறம் வருஷ ஆரம்பத்திலேயே யாருக்கு மூச்சுத் தொந்தரவு என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்வேன். தீக்குச்சி என்றாலும் வெளியே மரத்தடியில் செய்யுங்கள், மூடியைத் திறந்து முகர விடாதீர்கள்.

மழைக்குறி:
மழை நீரையே பிடித்துச் சோதிக்கலாம் என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சுத்தமான மழையே லேசான அமிலம்தான், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைவதால் பி.ஹெச் (7-க்குக் கீழே குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.6 அளவில் இருக்கும். ஆனால் நம் நாட்டில் பல இடங்களில் அதற்கும் மேலேதான் வரும், காற்றில் பறக்கும் சுண்ணாம்புச் சத்துள்ள மண்தூசி அமிலத்தைச் சமன் செய்துவிடுகிறது. பிள்ளைகள் "நம்ம ஊர் மழை நல்ல மழை" என்று கைதட்டுவார்கள். காற்றில் அமிலமே இல்லை என்று அர்த்தமில்லை, தூசியும் கூட இருக்கிறது என்று அர்த்தம். ராபர்ட் அங்கஸ் ஸ்மித் 1852-இல் மான்செஸ்டரில் மழையைச் சோதித்தபோது நகரத்தை நெருங்க நெருங்க அமிலம் கூடியது, அங்கே நிலக்கரிப் புகை. ஒவ்வொரு ஊர் மழைக்கும் ஒரு ஜாதகம். பாத்திரத்தைத் திறந்த வெளியில் ஸ்டூல் போட்டு வையுங்கள், கூரைத் தண்ணீர் வேண்டாம், கான்கிரீட்டில் பட்டு வந்தால் காரமாகிவிடும்.

செவ்வரத்தை:
ஓசோன் பற்றி ஒருவரும் கதைக்கவில்லையே? பொட்டாசியம் அயடைட்டும் மாப்பொருளும் கலந்து தடவிய தாள், ஷோன்பைன் தாள் என்பார்கள், ஓசோனைக் கண்டுபிடித்த அதே ஷோன்பைன். நூறு மில்லிலீற்றர் தண்ணீரில் ஐந்து கிராம் சோளமா போட்டுக் கஞ்சி மாதிரி காய்ச்சி, ஒரு கிராம் பொட்டாசியம் அயடைட்டு சேர்த்து, வடிதாளில் தடவி இருட்டில் காயவைக்க வேண்டும். பிறகு ஈரமாக்கி நிழலில் எட்டு மணித்தியாலம் தொங்கவிட்டால் ஓசோன் இருந்தால் ஊதா பூக்கும். எங்கட வகுப்பு ஒன்றை மாமரத்திலும் ஒன்றைப் பிரதான வீதிப் பக்கச் சுவரிலும் ஒன்றைப் பழைய போட்டோக்கொப்பி மெசின் பக்கத்திலும் தொங்கவிட்டது. மெசின் பக்கத்துத் தாள்தான் முதலில் நிறம் மாறினது.

டீசல்_அப்பா:
அயடைட்டுக்கு அயோடின் உப்பு போதாதா மேடம்? வீட்டிலேயே இருக்கிறதே.

தூசிப்படலம்:
போதாது அண்ணா. இந்தியாவில் உப்பில் சேர்ப்பது பொட்டாசியம் அயோடேட், அயோடைடு இல்லை. அயோடேட் ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்த வடிவம், ஓசோனுக்கு அங்கே வேலையில்லை. அளவும் கிலோவுக்குச் சில பத்து மில்லிகிராம்தான். மேல்நிலைப் பள்ளி ஆய்வகத்தில் கேட்டால் ஒரு கிராம் கொடுப்பார்கள்.

ரீச்சர் சொன்ன தாளில் ஒரு தொல்லை, வண்டிப் புகையிலுள்ள நைட்ரஜன் டை ஆக்சைடும் அதை ஊதாவாக்கும், ஈரப்பதம் மாறினாலும் நிறம் மாறும். அதனால் எண் எழுத வேண்டாம், எந்த இடத்தில் அதிகம் எந்த இடத்தில் குறைவு என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அப்புறம் தரையில் இருக்கும் ஓசோன் வேறு, மேலே 20, 25 கிலோமீட்டர் உயரத்தில் நம்மைக் காக்கும் ஓசோன் வேறு என்பதைப் பத்து முறையாவது சொல்லுங்கள். மூலக்கூறு ஒன்றுதான், இருக்கும் இடம்தான் வேறு. ஓசோன் ஓட்டை வழியாக வெயில் புகுந்துதான் பூமி சூடாகிறது என்று கல்லூரி மாணவர்களே என்னிடம் சொல்கிறார்கள். அண்டார்க்டிகா ஓட்டையை 1985-இல் சொன்னார்கள், 1987-இல் மான்ட்ரியலில் உடன்படிக்கை ஆனது, குளிர்பதன வாயுக்களைக் குறைத்தோம், மெல்லத் தேறிவருகிறது. அது ஒரு கதை, வெப்பமயமாதல் இன்னொரு கதை.

போகி வரப்போகிறது, அதற்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரே அளவில் இரண்டு காபித்தூள் பாட்டில். ஒன்றில் சிவப்புச் சாயம் போட்ட வெந்நீர், ஒன்றில் நீலச் சாயம் போட்ட ஐஸ் தண்ணீர், இரண்டும் விளிம்புவரை. வெந்நீர் பாட்டில் வாயில் ஒரு போஸ்ட் கார்டை வைத்துக் கவிழ்த்து, நீலத்தின் மேல் நிறுத்தி கார்டை உருவுங்கள். சிவப்பு மேலேயே நிற்கும், கலக்காது. நீலத்தை மேலே வைத்துச் செய்தால் ஒரு நொடியில் இரண்டும் கலந்து ஊதா. மார்கழி விடியற்காலையில் தரையோரக் காற்று குளிர்ந்து மேலே வெதுவெதுப்பாக இருக்கும், முதல் பாட்டில் கதைதான், எரிக்கிற பாயும் டயரும் விடும் புகை மேலே போகாமல் தெருவிலேயே நிற்கும். 2018 போகியன்று சென்னையில் ஓடுபாதை தெரியாமல் விமானங்களை வேறு ஊருக்குத் திருப்பிவிட்டார்கள். தரையை நனைக்காமல் இதைச் செய்தவர் யாரும் இல்லை, பக்கெட் வைத்துக்கொள்ளுங்கள்.

கரும்பலகை:
பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், தேர்வு வேலை.

திங்கட்கிழமை முதலில், நான் சொன்னது தப்பு என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். வகுப்பு ஒரு மாதிரி அமைதியாகிவிட்டது. அப்புறம் வெந்நீர் டம்ளர். தண்ணீர் ஏற ஏற "ஆக்சிஜன் எரியவே இல்லையே சார்" என்று நாலைந்து பேர் கத்தினார்கள்.

இரும்பு நார் பக்கத்து டவுனில் பெயின்ட் கடையில் கிடைத்தது. ஆறு குழுக்கள், ஆறு குழாய்கள், ஒவ்வொன்றும் 20 செ.மீ. இரண்டு நாள் கழித்து அளந்தது: 4.0, 3.9, 4.1, 3.8, 2.2, 4.6. முதல் நாலும் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. 2.2 வந்த குழு நாரைச் சோப்பில் அலசவில்லை, எடுத்துப் பார்த்தால் பாதி நார் இன்னும் பளபளவென்று இருக்கிறது. 4.6 தான் யாருக்கும் புரியவில்லை, எனக்கும். ஆக்சிஜன் 23 சதவீதமா? அந்தக் குழுவிடம் என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். குழாய் அழுக்காக இருந்ததென்று சத்துணவுக் கூடத்தில் வெந்நீர் வாங்கிக் கழுவி, சூடு ஆறாமல் அப்படியே கவிழ்த்திருக்கிறார்கள். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கடைசி பெஞ்சிலிருந்து, அதே பையன்தான்: "சார், அது மெழுகுவர்த்தி வேலை சார்!"

பேனா வாங்கிக் கொடுத்துவிட்டேன் தாத்தா. இப்போது அவன் அடுத்த கேள்வியோடு நிற்கிறான். துரு முடிந்தபிறகு குழாயில் மீதி இருப்பது முழுக்க நைட்ரஜன்தானா என்று கேட்கிறான்.

சாக்பீஸ் தாத்தா:
பெரிய கேள்வி அது. 1785-இல் கேவென்டிஷ் காற்றில் மின்பொறி விட்டு விட்டு நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் நீக்கிக்கொண்டே வந்தார், கடைசியில் ஒரு சின்னக் குமிழி மட்டும் போகவே இல்லை. மொத்தத்தில் 120-இல் ஒரு பங்குக்கு மேல் இல்லை என்று எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார். நூறு வருஷத்துக்கு மேல் யாரும் கவனிக்கவில்லை. அப்புறம் ராலே பிரபு காற்றிலிருந்து எடுத்த நைட்ரஜனை நிறுத்தார், லிட்டருக்கு 1.257 கிராம். வேதிப்பொருளிலிருந்து எடுத்தது 1.250. அரை சதவீத வித்தியாசம், வேறு யாராக இருந்தாலும் தராசைக் குறை சொல்லியிருப்பார்கள். அவரும் ராம்சேயும் விடாமல் துரத்தி 1894-இல் ஆர்கானைப் பிடித்தார்கள். நம் மூச்சில் கிட்டத்தட்ட ஒரு சதவீதம், கார்பன் டை ஆக்சைடைவிட இருபது மடங்குக்கு மேல். டீசல் தம்பியின் பாட்டிலைக் கவிழ்த்ததே அந்த ஆர்கான்தானே. இதைப் பையனிடம் சொல்லுங்கள். வகுப்பில் செய்து காட்ட மட்டும் கேட்காதீர்கள், என்னிடம் வழி இல்லை.

டீசல்_அப்பா:
தாத்தா, வலிக்கிற இடத்திலேயே தட்டுகிறீர்கள். பொண்ணிடம் சொன்னேன், அழவில்லை. அடுத்த கண்காட்சிக்கு இரண்டு பாட்டில் வெச்சு "இது ஏன் தப்பு" என்று வைக்கப் போகிறாளாம். ஆர்கானுக்கு வெல்டிங் பட்டறையில் கேட்டிருக்கிறேன், தருவதாகச் சொன்னார். கலப்பில்லாத ஆர்கான்தானா என்று கேட்டு வாங்கணும், சில சிலிண்டரில் கார்பன் டை ஆக்சைடும் கலந்திருக்குமாம்.

கரும்பலகை சார், அந்த இரும்பு நாரைப் பெயின்ட் கடையில் என்ன பேர் சொல்லிக் கேட்டீர்கள்? எங்கள் ஊரில் மூணு கடையிலும் பாத்திர ஸ்க்ரப்பரைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள்.

கரும்பலகை:
"மரத்துக்கு பாலிஷ் போடுற ஸ்டீல் வூல்" என்று கேளுங்கள். அப்படியும் ஸ்க்ரப்பரைத்தான் நீட்டினால் கார்பென்டரையே கூட்டிக்கொண்டு போங்கள், நான் அப்படித்தான் வாங்கினேன்.